ஸ்ப்ரெட் என்ற வினைச்சொல்லும் அண்ணனின் உப்பும்

1

என் மகள் சுதாவுக்குப் பதினான்கு வயது. என் ஆங்கிலத்தைத் திருத்துவதுதான் அவளுடைய இப்போதைய பொழுதுபோக்கு. போன குளிர்காலத்தில் ஒரு நாள் சாப்பிடும்போது வேலையைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன். "ஐ ஸ்ப்ரெடட் டூ லோட்ஸ்" என்று என் வாயிலிருந்து வந்தது. அவளுக்குப் புரையேறிவிட்டது.

"அப்பா, ஸ்ப்ரெடட்னு ஒரு வார்த்தையே கிடையாது."

"பின்ன எப்படிச் சொல்றது?"

"ஸ்ப்ரெட். நேத்தும் ஸ்ப்ரெட், இன்னைக்கும் ஸ்ப்ரெட். மாறவே மாறாது."

பதினோரு வருஷமாக நான் அந்தச் சொல்லைத் தப்பாகச் சொல்லியிருக்கிறேன். அதுவும் வருஷத்துக்கு ஒரு தடவை சொல்கிற சொல் இல்லை. பனிக்காலத்தில் ஒரு நாளைக்கு நாலைந்து தடவை ரேடியோவில் சொல்லியாக வேண்டும். என்கூட வேலை பார்க்கிற டேல், எங்கள் மேற்பார்வையாளர் ப்ரையன், யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதைத்தான் மரியாதை என்று நினைத்திருக்கிறார்கள். இந்த ஊரில் மரியாதை என்றால் பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பது. எனக்கு அதில் கோபம் கூட வரவில்லை. அந்த வருஷம் எனக்கு எதிலும் ஒன்றும் வரவில்லை. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் மரக்காணத்துக்காரன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாண்டிச்சேரிக்குப் போகிறவர்கள் வலப்பக்கமும் இடப்பக்கமும் வெள்ளை வெள்ளையாகக் குவியல்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் குவியல்களில் சில எங்கள் வீட்டுடையவை. இப்போது இருப்பது கனடாவில், ஒன்டாரியோவில், பெயர் சொன்னால் அங்கேயே பாதிப் பேருக்குத் தெரியாத ஒரு சின்ன ஊரில். கோடையில் சாலைப் பள்ளங்களை அடைக்கிறேன், புல் வெட்டுகிறேன். குளிர்காலத்தில் என் வேலை வேறு. லாரி நிறைய உப்பை ஏற்றிக்கொண்டு போய்ச் சாலையில் கொட்டிவிட்டு வருகிறேன்.

உப்பு பட்டால் ஐஸ் உருகும், வண்டி வழுக்காது. ஊரில் இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நம்பினவர்களுக்கு என்மேல் இருந்த மதிப்பு குறைந்தது.

2

சுதா அந்த வினைச்சொல்லை ஒரு காகிதத்தில் மூன்று தடவை எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினாள். ஸ்ப்ரெட், ஸ்ப்ரெட், ஸ்ப்ரெட். நிகழ்காலம், இறந்தகாலம், அப்புறம் மூன்றாவதாக ஒன்று, அதற்கு எங்கள் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஏதோ பெயர் சொல்லி அடித்திருக்கிறார். நாங்கள் படித்தபோது இவற்றை வாய்ப்பாடு மாதிரி கோஷமாகச் சொல்லுவோம். கோ வென்ட் கான், ஈட் ஏட் ஈட்டன். கட் கட் கட் என்று வரும்போது மட்டும் பையன்களுக்கு உற்சாகம் பிறக்கும். உழைப்பில்லாமல் மார்க் கிடைக்கிற சொல் அது. ஸ்ப்ரெட் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்பது எனக்கு நினைவில் இல்லை.

அதற்கு எத்தனை அர்த்தம் என்று அன்றைக்கு ஒருநாள் லாரியில் உட்கார்ந்துகொண்டு எண்ணிப் பார்த்தேன். ரொட்டியில் வெண்ணெய் தடவினாலும் ஸ்ப்ரெட்தான். படுக்கையில் துணி விரித்தாலும் அதுதான். வியாதி பரவினால், சேதி பரவினால், கொடி படர்ந்தால், பறவை சிறகை விரித்தால், கடனைப் பல மாதத்துக்குப் பிரித்துக் கட்டினால், எல்லாவற்றுக்கும் இதையே வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறார்கள். நமக்கு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு சொல் வேண்டும். பாயை விரிக்க வேண்டும், நெல்லைப் பரப்ப வேண்டும், விபூதியைப் பூச வேண்டும், விதையைத் தூவ வேண்டும். மாற்றிச் சொன்னால் சிரிப்பார்கள்.

உப்புக்கு எங்கள் வீட்டில் இதில் எந்தச் சொல்லும் கிடையாது. உப்பை யாரும் தூவியதில்லை, பரப்பியதில்லை. உப்பை வாருவோம். நீண்ட கழியின் முனையில் பலகை அடித்திருக்கும், அதை வைத்துப் பாத்தியின் ஓரத்துக்கு இழுத்துச் சேர்ப்போம். சேர்த்ததைக் குவிப்போம். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் உப்பை ஒன்றாகச் சேர்க்கிற வேலைதான்.

3

நான் சேர்ந்த முதல் குளிர்காலத்தில் ஒரு காரியம் செய்தேன். டேல் இன்றைக்கும் புதிதாக வருகிறவர்களிடம் அதைச் சொல்லாமல் விடமாட்டான்.

எங்கள் டிப்போவில் உப்பைக் கொட்டி வைக்க ஒரு பெரிய கூடாரம் இருக்கிறது. உள்ளே மலை மாதிரி உப்பு. சுரங்கத்திலிருந்து வெட்டி வருவது, பழுப்பு நிறம், கூழாங்கல் சைஸ். ஒருநாள் ப்ரையன் மேலே ஏறிக் கட்டிகளை உடைத்துவிடச் சொன்னார். சரி என்று போனேன். குவியலின் அடியில் நின்று, என்ன ஏது என்று யோசிக்காமல், பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சாக்ஸையும் உருவிவிட்டு ஏறினேன். வெளியே மைனஸ் பதினெட்டு.

எங்கள் பக்கத்தில் பாத்திக்குள் செருப்புக் காலோடு யாரும் இறங்கமாட்டார்கள். யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, அது அப்படித்தான். வரப்பிலேயே செருப்பைக் கழற்றிவிடுவோம். உப்பு லட்சுமி என்பார்கள், கடையிலிருந்து பொட்டலம் வாங்கி வந்தால் கூட முதலில் சாமி படத்துக்குக் கீழே வைக்கிற வீடுகள் உண்டு. என் கால் பழகியபடி செய்தது.

டேல்தான் பார்த்துவிட்டுக் கத்தினான். தூக்கிக்கொண்டு போய் ஹீட்டருக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். கால்விரல் பத்தும் என்னுடையவையாகவே இல்லை. கிள்ளினால் தெரியவில்லை. உணர்ச்சி திரும்பும்போதுதான் வலிக்கும் என்று ப்ரையன் சொன்னார். திரும்பியது, வலித்தது, மூன்று நாள் நொண்டினேன்.

அந்த வாரம் அண்ணனுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். என் அண்ணன் பெயர் ஏழுமலை. அப்பாவுக்குப் பிறகு பாத்தியை அவர்தான் பார்த்தார். அதுவரை நான் ரோட்டு டிபார்ட்மெண்டில் வேலை என்று மட்டும்தான் அவருக்குத் தெரியும்.

"உப்ப ரோட்டுல கொட்றியா?"

"ஆமாண்ணே."

"கொட்டி?"

"அதுமேல வண்டி ஏறும்."

போன் கார்டில் காசு ஓடிக்கொண்டிருந்தது.

"டேய் கோபாலு, நான் இங்க வெயில்ல வார்றேன், நீ அங்க குளுர்ல எறைக்கிற. ஆண்டவன் கணக்கு நல்லாத்தான் கீது" என்றார். அப்புறம் சிரித்தார். சிரித்தாரே தவிர, அதன்பிறகு என் வேலையைப் பற்றி அவர் எதுவும் கேட்டதில்லை. அண்ணிதான் கேட்பார், கால் எப்படி இருக்கிறது, சாக்ஸ் போடுகிறாயா என்று.

4

2004 டிசம்பரில் கடல் உள்ளே வந்தது. எக்கியார்குப்பம் பக்கத்தில் படகுகள் போயின, ஆட்கள் போனார்கள். டிவியில் எங்கள் கடற்கரையின் பெயரைப் படிக்கத் தெரியாமல் படித்தார்கள். எங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பாத்திகளில் மட்டும் சேறும் மணலும் ஏறி, வரப்பு எது பாத்தி எது என்று தெரியாமல் போய்விட்டது.

இருந்த லீவையெல்லாம் போட்டுவிட்டு ஜனவரியில் போனேன். அண்ணன் ஆட்களோடு சேர்ந்து சேற்றை வழித்துக்கொண்டிருந்தார். பிறகு தரையைக் கெட்டிப்படுத்த வேண்டும். வரிசையாக நின்று காலால் மிதித்துக்கொண்டே போவார்கள், நாள் முழுக்க மிதிப்பார்கள். நானும் இறங்கினேன். ஒரு மணி நேரத்தில் அண்ணன் என்னை மேலே ஏறச் சொல்லிவிட்டார்.

"போதும் ஏறு. ஊருக்குப் போறவன் கால வெச்சிக்க."

"நீங்களும் கொஞ்சம் ஒக்காருங்கண்ணே. மூச்சு வாங்குதே."

"மாசியில வாரணும்டா. இந்த வருசம் விட்டா பாத்தி செத்துப்பூடும்."

மாசியில் வாரினார். முதல் வாரலைப் போனில் சொன்னார், உப்பு கொஞ்சம் கறுத்திருக்கிறது, போகப் போக வெளுத்துவிடும் என்றார். அடுத்த வாரம் வரப்பிலேயே உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மார்ச் மாதம். எனக்குச் சேதி வந்தபோது நான் லாரியில் இருந்தேன். மனைவி லதா டிப்போவுக்குப் போன் செய்ய, ப்ரையன் ரேடியோவில் என்னைத் திரும்பி வரச் சொன்னார். பாதி லோடு மிச்சம் இருந்தது. அதை முடித்துவிட்டு வருகிறேன் என்றேன். முடித்தேன். ரேடியோவில் வழக்கம்போல "ரூட் ஃபோர், ஸ்ப்ரெடட்" என்றேன். பிறகுதான் திரும்பினேன்.

அன்று மாலையே எடுத்துவிட்டார்கள். சென்னையில் வேலை பார்க்கிற அண்ணன் மகன் வந்து கொள்ளி வைத்தான். வரட்டுமா என்று நான் கேட்டதற்கு அண்ணி, "வந்து இன்னா ஆவப்போவுது தம்பி, எல்லாம் முடிஞ்சிட்சி. இப்பத்தான வந்துட்டுப் போன" என்றார். அவர் குரலிலும் ஒன்றும் இல்லை, என் குரலிலும் ஒன்றும் இல்லை. இரண்டு பேரும் கரண்ட் பில்லைப் பற்றிப் பேசுகிறவர்கள் மாதிரி பேசினோம்.

நான் அழவில்லை. லதா அழுதாள், சுதா கூடக் கொஞ்சம் அழுதாள். நான் போய் லாரியைக் கழுவினேன்.

5

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் மிச்சம் புரியாது.

உப்பளத்து வீட்டில் சாவு விழுந்தால் கருமாதி முடிகிற வரைக்கும், அதாவது பதினாறு நாள், அந்த வீட்டு ஆட்கள் உப்பைத் தொடக்கூடாது. பாத்தியில் இறங்கக்கூடாது. சமையலுக்குக் கூட உறவுக்காரர் யாராவது வந்துதான் உப்புப் போடுவார்கள். ஆனால் பாத்திக்குச் சாவு தெரியாதே. வெயில் அடிக்க அடிக்க அது விளைந்துகொண்டே இருக்கும். வாராமல் விட்டால் தரையோடு ஒட்டிக் கல்லாகிவிடும், அந்த வருஷமே வீணாகிவிடும்.

அதனால் வரப்பை ஒட்டி இருக்கிற பக்கத்துப் பாத்திக்காரர் இறங்கி வாருவார். அவரைப் போய் யாரும் கூப்பிடக்கூடாது, அவரும் வந்து கேட்கக்கூடாது. தன் பாத்தியை வாரிவிட்டு அப்படியே வரப்பைத் தாண்டி இந்தப் பாத்தியையும் வாரி, குவித்து, ஓலை போட்டு மூடிவிட்டுப் போவார். கூலி கிடையாது. கருமாதி அன்று சாயங்காலம் சாவு வீட்டுக்காரர் அவருக்கு ஒரு புதுத் துண்டைப் போர்த்துவார். அவ்வளவுதான். எங்கள் அப்பா செத்தபோதும் பக்கத்துப் பாத்தி முனுசாமி மாமாதான் வாரினார். அண்ணன் செத்தபோதும் அவரேதான் வாரினார். அவருக்கு எழுபது தாண்டிவிட்டது.

கனடாவில் அண்ணன் தம்பி இறந்தால் மூன்று நாள் லீவு. அலுவலகத்தில் ஒரு பெண்மணி போனில் மிகவும் இனிமையாக அதைச் சொன்னார். எனக்குப் பதினாறு வேண்டும் என்றேன்.

"இறுதிச் சடங்குக்குப் போகிறீர்களா?"

"இல்லை. வீட்டில்தான் இருப்பேன்."

"உடம்பு சரியில்லையா?"

"உடம்பு நன்றாக இருக்கிறது. உப்பைத் தொடக்கூடாது."

மறுமுனையில் தட்டச்சு செய்கிற சத்தம் நின்றுவிட்டது. டாக்டர் சொன்னாரா என்று கேட்டார். இல்லை என்றேன். மதமா என்று கேட்டார். அதற்கும் இல்லை என்றுதான் சொல்லத் தோன்றியது. எந்தப் புத்தகத்திலும் இது எழுதியிருக்காது, எந்த ஐயரும் இதைச் சொல்லமாட்டார். மரக்காணத்தில் ஒரு நாலைந்து தெருவுக்கு மட்டும் தெரிந்த சங்கதி. அதை இங்கிலீஷில் எந்த இடத்திலிருந்து தொடங்குவது? கடைசியில் மூன்று நாளோடு இரண்டு நாள் விடுமுறை சேர்த்து எப்படியோ ஐந்து நாள் கொடுத்தார்கள். நல்ல பெண்மணி, தன்னால் ஆனதைச் செய்தார்.

6

ஆறாம் நாள் காலை ஐந்து மணிக்கு ப்ரையன் கூப்பிட்டார். முந்தின இரவு முழுக்க மழை பெய்து, விழுந்த இடத்திலேயே உறைந்திருந்தது. பனியை விட மோசமானது அது. சாலை கண்ணாடி போல இருக்கும், கறுப்பாக இருப்பதால் கண்ணுக்கும் தெரியாது. என் ரூட்டில் ஒரு மேடு உண்டு. எட்டு மணிக்கு அதன் வழியாகத்தான் பள்ளிக்கூட பஸ்கள் ஏறும். அதில் ஒரு பஸ்ஸில் சுதா போகிறாள்.

நாங்கள் மூன்றே டிரைவர்கள். ஒருவனுக்குக் கை உடைந்திருந்தது. டேல் இரவெல்லாம் ஓட்டிவிட்டு வந்திருந்தான், அதற்கு மேல் ஓட்டச் சட்டம் விடாது. நான் டேலின் வீட்டுக்குப் போன் செய்தேன். என் ரூட்டை நீ பார்த்துக்கொள்வாயா என்று கேட்டேன். காரணம் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை என்பதுதான் உண்மை.

"முடியாதுப்பா, நேரம் முடிந்துவிட்டது" என்றான். தூக்கக் கலக்கத்தில் இருந்தான். ஸாரி என்று சொன்னான்.

அவன்மேல் தப்பில்லை. சொல்லப்போனால் தப்பு என் பக்கம்தான், கேட்டு வாங்குகிற விஷயமே இல்லை அது.

லதா கிளியனூர்க்காரி, நெல் விளைகிற ஊர். "பிள்ளைங்க ஏறுற பஸ்ஸுங்க. இதுல என்ன யோசனை, போங்க" என்றாள். அவள் சொன்னது முழுக்க நியாயம். ஆனாலும் நான் போன் கார்டை எடுத்து மரக்காணத்துக்கு அடித்தேன். அங்கே மத்தியானம் மூன்றரை.

"அண்ணி, நான் கோபால். ஒண்ணு கேக்கணும்."

"சொல்லு தம்பி."

ரோடு, மழை, மேடு, பஸ் எல்லாவற்றையும் சொன்னேன். பதினாறு முடியாமல் உப்பைத் தொடலாமா என்று கேட்டேன். பின்னால் யாரோ பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டது.

"இங்க முனுசாமி மாமா வாரிக்கினு கீறாரு. காலையில போயி பாத்தேன், நம்ம பாத்திய முடிச்சிட்டுத்தான் அவரு பாத்தியில எறங்குறாரு" என்றார். பிறகு கேட்டார்: "அங்க ஒனக்குப் பக்கத்துப் பாத்தி யாரு தம்பி?"

என் வீட்டுக்கு இடப்பக்கம் இருப்பவர் பெயர் எனக்குத் தெரியாது. வலப்பக்கத்து வீட்டம்மா கிறிஸ்துமஸுக்குக் கேக் தருவார், அவர் பெயர் தெரியும். டேலோடு பத்து வருஷமாகக் காலநிலையைப் பற்றிப் பேசியிருக்கிறேன்.

"அண்ணி" என்று நான் ஆரம்பித்தபோது கார்டு தீர்ந்துவிட்டது. ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் நன்றி சொன்னது. இன்னொரு கார்டு வீட்டில் இல்லை. மணி ஐந்தரை.

போனேன். லோடர் இயந்திரத்தால் லாரியில் உப்பை நிரப்பினார்கள். மேட்டின் மேலிருந்து கீழ்வரை, கீழிருந்து மேல்வரை, இரண்டு பக்கமும் உப்பைச் சிதறவிட்டேன். லாரியின் பின்னால் ஒரு தட்டு சுற்றும், அது விசிறி எறியும். கண்ணாடியில் பார்த்தால் பொல பொலவென்று விழுவது தெரியும். ஒன்றும் தோன்றவில்லை. தப்புச் செய்கிறேன் என்றோ பிள்ளைகளைக் காப்பாற்றுகிறேன் என்றோ எதுவும் தோன்றவில்லை. எட்டு மணிக்குப் பஸ்கள் ஏறின. ஒன்றும் ஆகவில்லை. அதன்பிறகு பதினாறாம் நாள் வரைக்கும் தினமும் போனேன். அண்ணியிடம் அதைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை. அவரும் கேட்கவில்லை.

7

அதற்குப் பிறகு ஒரு வருஷம் எப்படிப் போனது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. சாப்பிட்டேன், தூங்கினேன், புல் வெட்டினேன். நிரந்தரக் குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்கப் போய் வரிசையில் நின்றேன். சகோதரர்கள் எத்தனை பேர் என்று ஒரு கேள்வி இருந்தது, ஒன்று என்று சொல்லிவிட்டு வந்தேன். திரும்பி வரும் வழியில்தான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று உறைத்தது. திரும்பிப் போகவில்லை. லதா ஒருமுறை, "நீங்க அழுதுடுங்களேன், வீடு வீடா இருக்கும்" என்றாள். முயற்சி கூடச் செய்தேன். கொட்டாவிதான் வந்தது.

நவம்பரில் மறுபடியும் உறைபனி தொடங்கியது. சுதா திருத்திய பிறகு ரேடியோவில் சரியாகச் சொல்ல ஆரம்பித்தேன். "ரூட் ஃபோர், ஸ்ப்ரெட்." முதல் நாள் நான் அப்படிச் சொன்னதும் ரேடியோவில் டேலின் குரல், "யார் பேசுவது?" என்றது. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அந்தச் சொல் எனக்கு வசதியாக இருந்தது. நேற்றா இன்றா என்று யாரும் கேட்கமாட்டார்கள். செய்தேன் என்பதும் செய்கிறேன் என்பதும் அதற்கு ஒன்றுதான். எனக்கும் அந்த வருஷம் அப்படித்தான் இருந்தது.

8

2006 மார்ச்சில் தலைத்திவசத்துக்குப் போனோம். லதாவுக்கு லீவு கிடைக்கவில்லை, நானும் சுதாவும் மட்டும். ப்ரையனிடம் ஆறு மாதத்துக்கு முன்பே சொல்லி வைத்திருந்தேன்.

எனக்கு ஒரே ஒரு பயம்தான். பதினாறுக்குள் உப்பைத் தொட்டவன் என்று தெரிந்தால் அண்ணி என்னைப் பாத்தியில் இறங்க விடுவாரா என்பது. அண்ணனே போன பிறகு எனக்கு அந்த ஊரில் மிச்சமிருந்தது அந்தப் பாத்தி ஒன்றுதான். வீட்டில் எனக்கென்று தட்டு டம்ளர் எல்லாம் எடுத்து வைத்திருந்தார்கள், குடிக்க பாட்டில் தண்ணீர் வாங்கி வைத்திருந்தார்கள். விருந்தாளிக்குச் செய்கிற எல்லாமும் செய்தார்கள். அது எனக்கு நல்லதாகப் படவில்லை.

திவசம் முடிந்து சாயங்காலம் உப்பளத்துக்குப் போனோம். போன வருஷத்து மழையில் வரப்பெல்லாம் கரைந்து, அண்ணி கடன் வாங்கித் திரும்பப் போட்டிருந்தார். ஆட்களை வைத்து அவரே பார்த்துக்கொள்கிறார். உப்பு நன்றாக வெளுத்திருந்தது. ஓரத்தில் கீற்றுக் கொட்டகை, அதன் நிழலில் முனுசாமி மாமா சொம்பில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். சுதா வரப்பில் நடந்து படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

அண்ணி ஒரு துணிப்பையிலிருந்து துண்டு ஒன்றை எடுத்தார். வெள்ளை, சிவப்புக் கரை. கடையில் மடித்த மடிப்பு அப்படியே இருந்தது, மடிப்பு ஓரம் கொஞ்சம் பழுத்திருந்தது.

"தம்பி, அங்க ஒன் பாத்திய பாத்துகிட்டாரே, அவரு பேரு இன்னா?"

"யாரு அண்ணி?"

"அன்னிக்கி போன்ல கேட்டனே, கட்டாயிடுச்சே. ஒனக்காவ யாரோ எறங்கித்தான செஞ்சிருப்பாங்க. மாமாவுக்குத் துண்டு எடுக்க சொல்லவே அவருக்கும் ஒண்ணு சேத்து எடுத்துட்டேன். ஒரு வருசமா பொட்டியில கெடக்குது. எடுத்துனு போயி, எங்க அண்ணி குடுத்தாங்கன்னு சொல்லிப் போத்திடு."

டேல் என்று சொல்லியிருக்கலாம். பெயர் நாக்கு நுனியில் இருந்தது. துண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால் டேல் சந்தோஷமாக வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொள்வான், ஏன் என்று கூடக் கேட்கமாட்டான்.

"யாரும் இல்ல அண்ணி."

"யாரும் இல்லன்னா? ரோடு அப்புடியேவா கெடந்துச்சு?"

"நான்தான் போட்டேன். அன்னைக்கும் போட்டேன், அதுக்கப்புறம் பதினாறு முடியற வரைக்கும் போட்டேன்."

முனுசாமி மாமா சொம்பைக் கீழே வைத்தார்.

"அப்ப எதுக்குடா என்னக் கேட்ட?" என்றார் அண்ணி. நான் பள்ளிக்கூடம் போகிற வயதில் இந்த வீட்டுக்கு வந்தவர். அதுவரை என்னை அவர் டா போட்டதே இல்லை.

"யார்கிட்டனா கேக்கணும்போல இருந்துச்சு. வேற யாரும் இல்ல."

அண்ணி பாத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் கோபமா என்னவென்று எனக்குப் பிடிபடவில்லை. இறங்காதே என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன், சொல்லட்டும் என்றும் நினைத்தேன். துண்டு அவர் கையில் இருந்தது.

"இத இப்ப இன்னா மாமா பண்றது?" என்று முனுசாமி மாமாவிடம் கேட்டார்.

"வாருனவனுக்குத்தான போத்துவாங்க. வாருனவன் இவன்தான?"

"சாவு வூட்டுக்காரனும் இவன்தான மாமா. யாரு யாருக்குப் போத்துறது?"

மாமா அதைப் பஞ்சாயத்து விஷயம் மாதிரி நெற்றியைச் சுருக்கி யோசித்தார். தாடையைச் சொறிந்துகொண்டார். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும்.

"நீ போத்தும்மா. நீயும் அந்த வூட்டு ஆளுதான" என்றார்.

அண்ணி துண்டை உதறினார். ஒரு வருஷத்து மடிப்பு சட்டென்று பிரியவில்லை, இரண்டு தடவை உதறினார். என் தோளைச் சுற்றிப் போர்த்தி, முன்னால் இழுத்துவிட்டு, முனையைப் பிடித்தபடியே நின்றார்.

"தனியாவே வாரிக்கிட்டியா தம்பி" என்றார்.

நான் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். வாய்விட்டு அழுதேன், ஊளையிடுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது, அது என்னுடையது என்று எனக்கே தெரியவில்லை. அந்தப் பக்கம் வாரிக்கொண்டிருந்தவர்கள் பலகையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இல்லை. அண்ணே, அண்ணே என்று சொல்லிச் சொல்லி அழுதேன்.

சுதா காமிராவோடு வரப்பில் ஓடி வந்தாள். அவள் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை, பயந்துவிட்டாள்.

"என்ன ஆச்சு? தாத்தா, அப்பாவுக்கு என்ன ஆச்சு?"

முனுசாமி மாமா அவளைக் கையமர்த்தினார்.

"ஒண்ணும் இல்ல கண்ணு. உங்க பெரியப்பா செத்துட்டாருன்னு அப்பாவுக்கு இப்பதான் சேதி வந்துச்சு."